வெப்பத் தெளிப்புப் பூச்சு

வெப்பத் தெளிப்புப் பூச்சு என்பது உலோகம், உலோகக்கலவை, பீங்கான் ஆகியவற்றுள் ஒன்றை வெப்பத்தால் உருக்கியோ இளக்கியோ நுண்துளிகளாக்கி, விரைந்து செல்லும் வளிம ஓட்டத்தின் உதவியால் வேறொரு பொருளின் மேற்பரப்பில் மோதச் செய்து, அடுக்கடுக்காகப் படியவைக்கும் தொழில்நுட்பம் ஆகும். பூச்சு ஏற்கும் பொருள் அடிப்பொருள் எனப்படும். பூச்சின் தடிப்பு பொதுவாக 0.1 மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை இருக்கும். தேய்மானம், அரிப்பு, துருப்பிடித்தல், உயர்வெப்பம் ஆகியவற்றிலிருந்து இயந்திர உறுப்புகளைக் காப்பதற்கும், தேய்ந்த உறுப்புகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதற்கும் இது பயன்படுகிறது.

ஓர் உறுப்புக்கு வலிமை தரும் பொருளும், அதன் மேற்பரப்பைக் காக்கும் பொருளும் ஒன்றாகவே இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை. மலிவான எஃகால் தண்டைச் செய்து, தேயும் இடத்தில் மட்டும் விலையுயர்ந்த கடினப்பொருளை ஏற்றிவிடலாம்.

தோற்றம்

இம்முறையின் தந்தை எனக் கருதப்படுபவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரைச் சேர்ந்த பொறியாளர் மாக்ஸ் உல்ரிக் ஷோப் (1870-1956) ஆவார். சிறுவர்கள் விளையாட்டாகச் சுட்ட ஈயக்குண்டுகள் சுவரில் மோதித் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைக் கண்டபோது இந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்று ஒரு கதை இத்துறையில் வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், 1910-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உருகிய உலோகத்தை அழுத்தக் காற்றால் சிதறடித்துப் பூசும் கருவிகளை அவர் உருவாக்கினார். உலோகக் கம்பியைத் தீச்சுடரில் செலுத்தி உருக்கும் துப்பாக்கியும், மின்வில்லைக் கொண்டு உருக்கும் முறையும் அவருடைய பணியிலிருந்தே தொடங்குகின்றன. நீண்டகாலம் இது துத்தநாகம் போன்ற எளிதில் உருகும் உலோகங்களுக்கான முறையாகவே பெரிதும் பயன்பட்டது. 1950களில் வெடிப்புத் தெளிப்பும் அதையடுத்துப் பிளாஸ்மாத் தெளிப்பும் வந்த பின்னரே பீங்கான்களும் கார்பைடுகளும் தொழில்முறையில் பரவலாகப் பூசப்பட்டன.

பூச்சு உருவாகும் விதம்

செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும்போது பாத்திரத்தையே சூடாக்கி, நவச்சாரத்தால் துலக்கி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் பரப்புவர். அங்கே வெள்ளீயமும் செம்பும் தொடும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்து ஒரு மெல்லிய உலோகக்கலவை உண்டாகிறது. வெப்பத் தெளிப்பில் நிகழ்வது அதுவன்று. இங்கு உருகுவது பூசப்படும் பொருள் மட்டுமே. அடிப்பொருள் பெரும்பாலும் 150 பாகை செல்சியசுக்குக் கீழேயே வைக்கப்படுகிறது. இதனால் அது உருக்குலைவதோ, ஏற்கனவே பெற்ற கடினத்தன்மையை இழப்பதோ இல்லை. பற்றவைத்துக் கட்டும் முறைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடும் இதுவே.

தெளிக்கப்படும் துளிகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை விட்டமுடையவை. துப்பாக்கியின் வாயிலிருந்து பரப்பை அடைய ஒரு துளிக்குச் சில மில்லிநொடிகளே ஆகும். மோதியவுடன் அது ஒரு சில மைக்ரோநொடிகளில் தட்டையாக விரிந்து, சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள வில்லையாகிறது. உலோகத் துளியாயின் அது குளிரும் வீதம் நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் பாகை அளவில் இருக்கும். அடுத்த துளி வந்து விழும்போது முந்தையது பெரும்பாலும் உறைந்து முடிந்திருக்கும். ஆகவே பூச்சு என்பது ஒரே நீர்மம் பரவி உறைந்த படலம் அன்று. தனித்தனியே உறைந்த எண்ணற்ற வில்லைகளின் அடுக்கு. இடையிடையே காற்றுப்புழைகளும், பறக்கும்போதே காற்றோடு வினைபுரிந்த ஆக்சைடு இழைகளும், உருகாமல் வந்து சிக்கிய துகள்களும் காணப்படும். 'பூச்சு' என்ற சொல் வண்ணப்பூச்சை நினைவூட்டுவதால் சற்றே திசைதிருப்பக் கூடியது. செங்கல் சுவரை எண்ணிப் பார்த்தால் உண்மைக்கு அருகில் இருக்கும்.

அடிப்பொருளோடு இவ்வடுக்கைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இயந்திரமுறைப் பிடிப்பே. சுவரில் தட்டப்படும் வறட்டியை இதற்கு ஒப்பிடலாம். சொரசொரப்பான சுவரில் சாணம் மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். வழுவழுப்பான சுவரிலோ காய்ந்ததும் தானே உதிர்ந்துவிடும். தெளிப்பிலும் துளி, பரப்பின் நுண்ணிய மேடுகளைச் சுற்றி வளைந்து, உறைந்து, சுருங்கி, அவற்றைக் கவ்விக்கொள்கிறது.

சுருங்குவதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு வில்லையும் சுருங்க முயல, கீழுள்ள திண்மப் பரப்பு அதைத் தடுக்கிறது. இதனால் பூச்சில் இழுவிசைத் தகைவு எஞ்சி நிற்கிறது. தடிப்பு கூடக்கூட இவ்வாறு சேர்ந்த தகைவு பூச்சை விளிம்பிலிருந்து உரித்தெடுக்க முற்படும். தடிப்பு மிகுந்த பூச்சே பாதுகாப்பானது என்று நினைப்பது பல வேளைகளில் தவறாகிவிடும்.

பரப்பை ஆயத்தம் செய்தல்

பூச்சு உரிந்துபோன நிகழ்வுகளில் பலவற்றுக்கு, தெளிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலையில் நேர்ந்த குறையே காரணமாகிறது. முதலில் எண்ணெயும் பிசுக்கும் கரைப்பானால் நீக்கப்படும். பின்னர், பட்டறைகளில் பிளாஸ்டிங் என வழங்கும் துகள் வீச்சு நடைபெறும். கூர்முனைகள் கொண்ட அலுமினா துகள்களை அழுத்தக் காற்றால் வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்குவர். உருண்டையான துகள்கள் இதற்கு ஏற்றவை அல்ல. அவை பரப்பில் குழிகளை உண்டாக்குமேயன்றிக் கவ்வத்தக்க முனைகளைத் தருவதில்லை. எண்ணெய் நீக்காமல் துகள் வீசினால் எண்ணெய் உலோகத்துக்குள் இன்னும் ஆழமாக அடித்து இறக்கப்படுமாதலால் இந்த வரிசை முக்கியமானது.

துகள் வீசிய பரப்பு புத்தம்புதியது. காற்றுப்பட்டால் விரைவில் ஆக்சைடு படலம் கொள்ளும். ஆகவே சில மணிநேரத்துக்குள் தெளிப்பைத் தொடங்கிவிட வேண்டும். உறுப்பின் வெப்பநிலை அப்போதைய பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பதும் பாலம் போன்ற வெளியிட வேலைகளில் பின்பற்றப்படும் விதியாகும். கைவிரல் பட்ட தடமே அவ்விடத்தின் பிடிப்பைக் கெடுக்கப் போதுமானது.

வெப்பமும் வேகமும்

துளிக்கு இரண்டு வகையில் ஆற்றல் ஊட்டலாம். ஒன்று அதைச் சூடாக்குவது. மற்றொன்று அதை விரைவாக எறிவது. நன்கு உருகிய துளி மெதுவாக வந்தாலும் விரிந்து படியும். அரைகுறையாக இளகிய துளியும் மிகுந்த வேகத்தில் வந்தால் நசுங்கிப் படியும். இத்துறையில் வழக்கிலுள்ள முறைகளின் வரலாற்றைப் பெரும்பாலும் வெப்பத்திலிருந்து வேகத்தை நோக்கிய நகர்வாகவே காணலாம்.

தீச்சுடர்த் தெளிப்பு மிகப் பழையது. ஆக்ஸிஜன்-அசிட்டிலீன் சுடர் ஏறத்தாழ 3100 பாகை செல்சியசை எட்டும். அதில் கம்பியோ தூளோ செலுத்தப்படும். துளிகளின் வேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவைத் தாண்டுவது அரிது. நுண்துளைமை பத்து விழுக்காடு வரையிலும் அதற்கு மேலும் இருக்கக்கூடும். கருவி எளியது, மலிவானது, தோளில் சுமந்து செல்லத்தக்கது. இதனால் இன்றும் வழக்கொழியவில்லை.

மின்வில் தெளிப்பில் இரண்டு உலோகக் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் மின்வில் எழுந்து அவற்றின் முனைகளை உருக்கும். பின்னாலிருந்து வரும் அழுத்தக் காற்று அவ்வுருக்கைச் சிதறடித்து எறியும். குறுகிய நேரத்தில் மிகுதியான உலோகத்தைப் பூசவல்லது. மின்கடத்தும் கம்பியாக இழுக்க முடிந்த பொருள்களை மட்டுமே இதில் பயன்படுத்த இயலும் என்பது இதன் எல்லை.

பிளாஸ்மாத் தெளிப்பில் ஆர்கான், நைட்ரஜன் போன்ற வளிமத்தை மின்வில்லின் ஊடே செலுத்தி அயனாக்குகின்றனர். வெளிப்படும் தாரையின் மையத்தில் வெப்பநிலை 10,000 பாகையையும் தாண்டும். எந்தப் பீங்கானையும், அது சிதைந்து ஆவியாகாத வரையில், இதனால் உருக்க இயலும். ஏறத்தாழ 2700 பாகையில் உருகும் சிர்கோனியாவைப் பெரும் பரப்பில் பூச இதுவே முதன்மையான வழி. ஆனால் எல்லாப் பொருளுக்கும் மிகுவெப்பம் நல்லதன்று. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டங்ஸ்டன் கார்பைடு ஆகும். வெட்டுக்கருவிகளில் உள்ளதுபோல, இது கோபால்ட்டு உலோகத்தில் பதிந்த கடினத் துகள்களாகப் பூசப்படுகிறது. மிகுந்து சூடானால் கார்பைடு தன் கரிமத்தின் ஒரு பகுதியை இழந்து நொறுங்கும் தன்மையுள்ள வேறொரு கார்பைடாக மாறிவிடுகிறது. கடினத்துக்காகப் பூசியது எளிதில் நொறுங்கும் பூச்சாக முடியும்.

இச்சிக்கலுக்கு முதல் விடை 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்திடமிருந்து வந்தது. ஒருமுனை திறந்த குழாயில் ஆக்ஸிஜன்-அசிட்டிலீன் கலவையை நிரப்பி, தூளைச் செலுத்தி, தீப்பொறியால் வெடிக்கச் செய்வர். நொடிக்குச் சில முறை என இவ்வெடிப்புகள் தொடரும். தூள் நொடிக்கு 800 மீட்டர் அளவான வேகத்தில் வெளியேறும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். 1980களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிரவுனிங் என்ற அமெரிக்கப் பொறியாளர், வெடிப்புக்குப் பதிலாக இடைவிடாத எரிதலைக் கொண்டே இத்தகைய வேகத்தைப் பெறும் துப்பாக்கியை அறிமுகம் செய்தார். எரிபொருளும் ஆக்ஸிஜனும் உயரழுத்தத்தில் ஓர் அறைக்குள் எரிந்து, ஒடுங்கிய வாய் வழியே ஒலியை விஞ்சிய தாரையாகப் பீறிடும். வடிவில் இது ஒரு சிறிய ஏவூர்திப் பொறியே. அதிவேக ஆக்ஸிஜன்-எரிபொருள் தெளிப்பு என்பது இதன் முழுப்பெயர். பட்டறைகளில் எச்.வி.ஓ.எஃப் என்றே வழங்குகிறது. துகள் சுடரில் இருக்கும் நேரம் குறைவாதலால் கார்பைடு பெருமளவு சிதையாமல் வந்து சேர்கிறது. நுண்துளைமை ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். வேகமாக மோதும் துகள்கள் முன்னர்ப் படிந்த அடுக்கைச் சம்மட்டிபோல் அடிப்பதால், இழுவிசைத் தகைவுக்கு மாறாக அமுக்கத் தகைவு உண்டாக்கவும் முடிகிறது.

இந்நகர்வின் கடைசி எல்லையில் நிற்பது குளிர் தெளிப்பு. ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்க் நகரில், கோட்பாட்டு மற்றும் பயன்பாட்டு இயக்கவியல் நிறுவனத்தில் அனத்தோலி பப்பிரினும் அவருடைய குழுவினரும் 1980களில், ஒலியை விஞ்சிய வளிம ஓட்டங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உலோகத் துகள்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் உருகாமலேயே பரப்பில் ஒட்டிக்கொள்வதைக் கண்டனர். அந்த மாறுநிலை வேகத்துக்குக் கீழே அதே துகள்கள் பரப்பைத் தேய்க்க மட்டுமே செய்யும். எதுவும் உருகாததால் ஆக்சைடு அரிதாகவே உண்டாகிறது. செம்பு, அலுமினியம் போன்ற இளகும் உலோகங்களுக்கு இது மிகவும் ஏற்றது; பீங்கான்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் மற்றும் புதிய பொருட்களுக்கான உயர் ஆய்வு மையம் வெடிப்புத் தெளிப்பிலும் குளிர் தெளிப்பிலும் தொடர்ந்து பணியாற்றி வரும் நிறுவனம் ஆகும்.

ஆற்று வண்டலும் விசையாழிகளும்

பூச்சின் தேவையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் இடம் இமாசலப் பிரதேசத்தில் சத்லஜ் ஆற்றின் மீதுள்ள நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம். ஒவ்வொன்றும் 250 மெகாவாட் திறனுள்ள ஆறு அலகுகள், மொத்தம் 1500 மெகாவாட். இமயமலை இளமையான மலை. எளிதில் கரைந்து உடைவது. மழைக்காலத்தில் ஆறு பெருமளவு வண்டலைச் சுமந்து வருகிறது. அவ்வண்டலில் குவார்ட்சு மிகுதி. விசையாழிகள் செய்யப் பயன்படும் 13 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் கொண்ட துருவேறா எஃகு வலிமையானது, ஆயினும் குவார்ட்சைவிடப் பன்மடங்கு மென்மையானது. வண்டல் படிவதற்கென நிலத்தடியில் பெரும் அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. அவை 0.2 மில்லிமீட்டரைவிடப் பெரிய துகள்களைப் பிரிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அதைவிட நுண்ணியவை நீரோடு உள்ளே வந்துவிடுகின்றன. நானூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் நீரின் வேகத்தில் அந்நுண்மணல், எஃகை அரமாய் அராவுகிறது. வழிகாட்டித் தகடுகளும் சுழலியின் விளிம்புகளும் தேய்ந்தால் நீர் கசியும், திறன் குறையும், உறுப்புகளைக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டிவரும்.

இங்கு டங்ஸ்டன் கார்பைடோடு 10 விழுக்காடு கோபால்ட்டும் 4 விழுக்காடு குரோமியமும் சேர்ந்த தூள், அதிவேக முறையில் பூசப்படுகிறது. குரோமியம் சேர்ப்பது நீரில் கோபால்ட்டு அரிக்கப்படுவதைத் தடுக்கவே. இப்பூச்சின் கடினம் குவார்ட்சின் கடினத்துக்கு ஏறத்தாழ இணையாகவோ சற்று மிகுந்தோ இருப்பதால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் தேய்மானம் நின்றுவிடுவதில்லை. ஓரிடத்தில் பூச்சு துளைபட்டால் அதனடியிலுள்ள எஃகு விரைந்து குடையப்பட்டு, சுற்றியுள்ள பூச்சும் ஆதாரமின்றி உடையும். மேலும் துப்பாக்கி நேர்க்கோட்டில் மட்டுமே தெளிக்கவல்லது. பரப்புக்குச் செங்குத்தாகப் பிடிப்பதே நலம், 45 பாகைக்குக் கீழே சாய்ந்தால் பூச்சின் தரம் கெடும். சுழலியின் இதழ்களுக்கிடையே உள்ள வளைந்த குறுகிய வழிகளின் உட்புறத்தை எட்டுவது கடினம். நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடைவதால் ஏற்படும் குழிவுத் தேய்மானத்துக்கு இவ்வகைக் கார்பைடு பூச்சுகள் மணல் தேய்மானத்தைத் தாங்குமளவு தாங்குவதில்லை. எனவே வண்டல் அளவு எல்லை மீறும்போது நிலையத்தை நிறுத்திவைப்பதே இன்றும் கடைசிப் பாதுகாப்பு.

வெப்பத் தடுப்புப் பூச்சு

வளிமச் சுழலிகளின் எரியறையிலும் அதையடுத்த பகுதிகளிலும் பாயும் வளிமத்தின் வெப்பநிலை, அவ்வுறுப்புகள் செய்யப்பட்ட நிக்கல் கலவையின் உருகுநிலையையும் மிஞ்சக்கூடியது. உள்ளே காற்றைச் செலுத்திக் குளிர்விப்பதோடு, மேலே சிர்கோனியா பூச்சும் இடப்படுகிறது. கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள பூச்சே உலோகத்தின் வெப்பநிலையை நூறு பாகை அளவுக்குக் குறைக்க வல்லது.

தூய சிர்கோனியா இதற்கு உதவாது. ஏறத்தாழ 1170 பாகையில் அதன் படிக அமைப்பு மாறும். கன அளவும் சில விழுக்காடு மாறும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் பூச்சு வெடிக்கும். இதைத் தடுக்க இட்ரியா சேர்க்கப்படுகிறது. எடையில் 6 முதல் 8 விழுக்காடு இட்ரியாவே நீடித்த ஆயுள் தருகிறது என்பதை 1970களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் ஸ்டீபன் ஸ்டெகுரா நடத்திய சோதனைகள் காட்டின. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே, நிக்கல் அல்லது கோபால்ட்டோடு குரோமியம், அலுமினியம், இட்ரியம் சேர்ந்த பிணைப்புப் பூச்சு ஒன்றும் இடப்படும்.

பிற இடங்களில் குறையாகக் கருதப்படும் நுண்துளைகள் இங்கு வேண்டியே விடப்படுகின்றன. துளைகளும் நுண்விரிசல்களும் வெப்பம் கடத்தப்படுவதைக் குறைக்கின்றன. உலோகம் விரியும்போது பீங்கான் சற்றே நெகிழவும் இடம் தருகின்றன. இயக்கத்தின்போது பிணைப்புப் பூச்சின் மேல் மெல்ல வளரும் அலுமினா படலம் தடித்துப் போவதே பெரும்பாலும் இறுதியில் பீங்கானை உரித்துவிடுகிறது. விமானப் பொறிகளின் சுழலும் இதழ்களுக்குத் தெளிப்பைவிட, எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைக்கும் முறையே பெரிதும் விரும்பப்படுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. எரியறைகளில் பிளாஸ்மாத் தெளிப்பே வழக்கம்.

கடினக் குரோமியத்துக்கு மாற்று

நீரழுத்தத் தண்டுகளுக்கும் விமானத்தின் இறங்கு சக்கரத் தண்டுகளுக்கும் மின்முலாம் பூசிய கடினக் குரோமியமே நெடுங்காலம் பயன்பட்டது. முலாம் தொட்டியில் உள்ள அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமியம் மூவாக்சைடை 2017 செப்டம்பர் 21-க்குப் பின் தனி ஒப்புதல் இன்றிப் பயன்படுத்தவோ விற்கவோ தடை வந்தது. அதற்கு முன்பே விமானத் துறை அதிவேகக் கார்பைடு தெளிப்பை ஏற்கத் தொடங்கியிருந்தது. முலாமிடும்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் இடர் தெளிப்பில் இல்லை. தேய்மானத்தையும் இது கூடுதலாகத் தாங்கும். ஆயினும் இதனைச் சாணைபிடிக்க வைரச் சக்கரம் வேண்டும். குறுகிய துளைகளின் உட்புறத்துக்கு முலாமே எளிது.

பிற பயன்பாடுகள்

பாலங்களிலும் கடல்சார் கட்டமைப்புகளிலும் துத்தநாகமும் அலுமினியமும் தெளிக்கப்படுகின்றன. துத்தநாகம் தான் அரிபட்டு எஃகைக் காப்பதால், பூச்சில் துளை இருப்பது இங்கு பெருங்குறை ஆவதில்லை. அமெரிக்கப் பற்றவைப்புக் கழகம் 1974-இல் வெளியிட்ட 19 ஆண்டுக்காலச் சோதனை அறிக்கையில், வெறும் 0.08 முதல் 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியப் பூச்சு எஃகைக் கடல்நீரில் அக்காலம் முழுதும் காத்தமை பதிவாகியுள்ளது.

செயற்கை இடுப்பு மூட்டுகளின் தண்டில், எலும்பின் கனிமமான ஹைட்ராக்சி அபடைட்டு பிளாஸ்மாவால் தெளிக்கப்படுகிறது. எலும்பு அதன்மேல் வளர்ந்து பற்றும். மகிழுந்துப் பொறிகளின் அலுமினிய உருளைகளுக்குள் வார்ப்பிரும்புக் குழாய் செருகுவதற்குப் பதிலாக மெல்லிய இரும்புப் பூச்சு தெளிப்பதும் உண்டு; 2007-இல் வெளிவந்த நிசான் ஜிடி-ஆர் இதற்கு எடுத்துக்காட்டு.

சோதனை

முடிந்த பூச்சைப் பார்வையால் மதிப்பிட இயலாது. நன்கு பற்றியதும் உரியக் காத்திருப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பிடிப்பு வலிமையை அளக்க, பூச்சின் மேல் மற்றொரு உருளையைப் பசையால் ஒட்டி இரண்டையும் இழுத்துப் பிரிப்பர். இச்சோதனை உறுப்பையே அழித்துவிடுமாதலால், உறுப்போடு சேர்த்துப் பூசப்பட்ட மாதிரித் துண்டுகளிலேயே செய்யப்படும். அதிலும் ஒரு வரம்பு உண்டு. பசையே 70 முதல் 80 மெகாபாஸ்கலில் அறுந்துவிடுவதால், அதற்கு மேற்பட்ட பிடிப்புள்ள அதிவேகப் பூச்சுகளுக்கு 'பசை அறுந்தது' என்பதே விடையாகக் கிடைக்கும். மாதிரியை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் காண்பதும் வழக்கம். மென்மையான பூச்சைக் கவனமின்றி மெருகேற்றினால் இல்லாத துளைகள் தோன்றும். இருக்கும் துளைகள் மூடப்படும். இதனால் வளிம ஓட்டம், மின்னோட்டம், தூளின் அளவு, துப்பாக்கியின் தொலைவு, நகரும் வேகம் ஆகியவற்றைத் தொடக்கம் முதல் கட்டுப்படுத்திப் பதிவு செய்வதையே தொழிற்சாலைகள் முதன்மையாக நம்புகின்றன.

பணியிடப் பாதுகாப்பு

பிளாஸ்மா, அதிவேகத் துப்பாக்கிகளின் ஒலி 120 டெசிபெலைத் தாண்டக்கூடும். ஆகவே அவை ஒலித்தடுப்பு அறைக்குள் எந்திரக் கையால் இயக்கப்படுகின்றன. மின்வில்லின் புறஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணிநேரத்தில் குளிர்காய்ச்சல் போன்ற உலோகப்புகைக் காய்ச்சல் வரும். அலுமினியத்தின் நுண்தூசி காற்றில் கலந்தால் வெடிக்கும். குரோமியம் கொண்ட பொருள்களைத் தெளிக்கும்போது எழும் புகையிலும் அறுமதிப்புக் குரோமியம் இருக்கக்கூடும். முலாம் தொட்டியை அகற்றிய பட்டறையும் புகை உறிஞ்சியையும் வடிகட்டியையும் பேணியே ஆகவேண்டும்.